விளங்காத மொழியில் ஒரு வழக்கு

லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 1980ஆம் ஆண்டு இயக்கிய 'பெத்தேகம' என்ற சிங்களத் திரைப்படத்தை இந்த வருடம் எங்கள் உயர்தர வகுப்பு மாணவியர் பலர் பார்த்தோம். எங்களுக்குச் சிங்களம் கற்பித்த ஆசிரியை ஒருவர்தான், "நாவலிலிருந்து எடுத்த படம், நடுவில் ஒரு நல்ல வழக்கு வருகிறது, பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்" என்று சொல்லியிருந்தார். பேசத் தொடங்கியபோது ஒருவர் சொன்னதை மற்றவர் ஏற்கவில்லை. இடைவேளை மணி அடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. சிலர் வீட்டில் பெற்றோருடன் சேர்ந்து பார்த்திருந்தார்கள். அவர்களது கருத்துக்களும் வகுப்புக்குள் வந்துவிட்டன.

அந்தக் கருத்துக்களை வைத்துக்கொண்டு என் கருத்தையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாற்பது வருடத்துக்கு மேற்பட்ட ஒரு படத்தைப் பற்றி இப்போது எதற்கு எழுத வேண்டும் என்று கேட்பவர்களுக்குக் கட்டுரையின் பிற்பகுதியில் விடை இருக்கிறது. தமிழ் பேசும் நாம், நமது மாவட்டத்தில், ஒரு பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ நிற்க நேர்ந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியோடு தொடர்புடையது அது.

முதலில் படத்தின் பின்னணி. லெனாட் வுல்ஃப் என்ற ஆங்கிலேயர் 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் சேவை அதிகாரியாகப் பணியாற்றினார். யாழ்ப்பாணம், கண்டி ஆகிய இடங்களில் இருந்தபின் அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபரானார். அக்காலத்தில் அந்தப் பதவியில் இருப்பவரே நீதவானாக அமர்ந்து வழக்கும் விசாரிப்பார். ஊருக்குத் திரும்பிய பின் 1913இல் அவர் வெளியிட்ட ஆங்கில நாவல்தான் 'த விலேஜ் இன் த ஜங்கிள்'. காட்டுக்குள் இருக்கும் ஒரு கிராமம் என்பது அதன் பொருள். ஆட்சி செய்ய வந்த ஒருவர், ஆளப்பட்ட ஏழைகளின் பக்கத்திலிருந்து எழுதிய கதை அது. அதைத்தான் லெஸ்டர் படமாக்கினார். வேட்டைக்காரன் சிலிந்துவாக நடித்தவர் ஜோ அபேவிக்ரம. அவர் நமது இரத்தினபுரி மாவட்டத்து லெல்லோபிட்டியவில் பிறந்தவர் என்பதை இங்கே பலர் அறியமாட்டார்கள். மகள் புஞ்சிமெனிகேயாக மாலினி பொன்சேகாவும், அவளது கணவன் பாபுனாக விஜய குமாரதுங்கவும் நடித்தார்கள். நீதவான் ஆசனத்தில் அமர்ந்தவர், விண்வெளிக் கதைகளால் உலகப் புகழ் பெற்று இலங்கையிலேயே வாழ்ந்த எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்.

கதையின் நடுவே வரும் வழக்கு இதுதான். ஊருக்கு வந்த பணக்காரக் கடன்காரன் பெர்னாண்டோ, புஞ்சிமெனிகே மீது கண் வைக்கிறான். அவள் இணங்கவில்லை. ஊர்த் தலைவன் பாபேஹாமிக்கும் சிலிந்து குடும்பத்தின் மீது பழைய கோபம் உண்டு. இருவரும் சேர்ந்து ஒரு திட்டம் போடுகிறார்கள். தன் வீடு உடைக்கப்பட்டுப் பொருட்கள் களவு போய்விட்டதாக ஊர்த் தலைவன் முறைப்பாடு செய்கிறான். களவு போனதாகச் சொல்லப்பட்ட பொருட்களும் 'கண்டுபிடிக்கப்படுகின்றன'. பாபுனும் சிலிந்துவும் கூண்டில் ஏற்றப்படுகிறார்கள். வழக்கின் இறுதியில் சிலிந்துவுக்கு எதிராகப் போதிய சாட்சியம் இல்லையென அவன் விடுவிக்கப்படுகிறான். பாபுன் சிறைக்குப் போகிறான். அதன்பின் நடப்பவை இன்னும் கொடியவை. சிலிந்து துப்பாக்கியை எடுக்கிறான், பாபுன் சிறையிலேயே இறந்து போகிறான், ஊரும் காடாகிவிடுகிறது.

இனி, பார்த்தவர்கள் சொன்னதற்கு வருவோம்.

ஒரு சாரார் படம் நகரவே இல்லை என்றார்கள். நீதிமன்றக் கதை என்றதும் மர்மமும் திருப்பமும் இருக்கும் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தவர்கள் இவர்கள். "யார் களவெடுத்தது என்பது முதலிலேயே தெரிந்துவிட்டதே, பிறகு என்ன இருக்கிறது பார்ப்பதற்கு?" என்று ஒரு தோழி கேட்டாள். நியாயமான கேள்வி.

இன்னொரு சாராரின் விவாதம் முழுவதும் நீதவானைப் பற்றியே இருந்தது. இந்த முறைப்பாட்டுக்குப் பின்னால் வேறேதோ இருக்கிறது என்ற சந்தேகம் அவருக்கே வருகிறது. வந்தும் தண்டிக்கிறாரே, அவர் நல்லவரா கெட்டவரா? அளவையியல் படிக்கும் மாணவி ஒருத்தி, "சாட்சியம் எந்தப் பக்கமோ தீர்ப்பும் அந்தப் பக்கம். சந்தேகத்தை வைத்துத் தீர்ப்பெழுத முடியாது" என்றாள். அவளுக்கு எதிரில் இருந்தவள் விடவில்லை. "சந்தேகம் வந்தால் விசாரிக்க வேண்டும்தானே? அதற்குத்தானே சம்பளம்!" என்றாள்.

நாவலைப் படித்திருந்த ஒருவரும் எங்கள் பேச்சில் கலந்துகொண்டார். அவர் ஒரு தோழியின் மூத்த சகோதரி, பல்கலைக்கழக மாணவி. நாவலில் சிலிந்துவின் மனம் எப்படி ஓடுகிறது, காட்டையும் மிருகங்களையும் பற்றி அவன் என்ன நினைக்கிறான் என்பதெல்லாம் பக்கம் பக்கமாக வருகிறது என்றும், படத்தில் அந்த மனிதனின் முகத்தை மட்டும்தான் பார்க்கக் கிடைக்கிறது என்றும் அவர் குறைப்பட்டார். அதே இடத்தில் இன்னொருவர், "ஜோ அபேவிக்ரமவின் முகம் போதும், பத்துப் பக்கம் எதற்கு?" என்று பதில் சொன்னார்.

நான்காவது கருத்து ஒரு தோழியின் வாப்பாவுடையது. பெற்றோர் பலரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என நினைக்கிறேன். நல்லவன் அழிந்து போகிற படத்தைப் பிள்ளைகளுக்கு ஏன் காட்ட வேண்டும், அதிலிருந்து என்ன நம்பிக்கை கிடைக்கும் என்பது அவரது கேள்வி.

இந்த நான்கிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நான்கு சாராரும் எதிர்பார்த்தது ஒரே மாதிரியான ஒரு நீதிமன்றத்தைத்தான் என்று எனக்குப் படுகிறது. அந்த எதிர்பார்ப்பை நமக்குள் வளர்த்தது தமிழ்ச் சினிமா. 1952இல் வந்த 'பராசக்தி' தொடக்கம் நமது படங்களில் நீதிமன்றம் என்பது கதாநாயகன் பேசும் இடம். 1984இல் வந்த 'விதி' படத்தின் நீதிமன்ற வசனங்களை ஒலிநாடாவில் திரும்பத் திரும்பக் கேட்டதாக வீட்டில் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். டி. காமேஸ்வரி எழுதிய தெலுங்கு நாவல் 1981இல் தெலுங்கில் படமாகி, அதன் தமிழ் வடிவமாக வந்ததே 'விதி'. ஏமாற்றப்பட்ட பெண்ணுக்காக ஒரு பெண் சட்டத்தரணி எழுந்து நின்று வாதாடுவதைப் பார்த்து அன்றைய பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் தலைமுறைக்கு 2021இல் 'ஜெய் பீம்' வந்தது. இப்படங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அநியாயத்துக்கு எதிராக வாய் திறக்கலாம் என்ற துணிவை அவை கொடுத்தன.

ஆனால் இவை எல்லாவற்றிலும் ஒரு விடயம் பொதுவானது. பாதிக்கப்பட்டவரின் மொழியை நீதிமன்றம் விளங்கிக்கொள்கிறது. வாதம் தமிழில், கேள்வி தமிழில், கண்ணீர் தமிழில், தீர்ப்பும் தமிழில். அங்கே உண்மைக்குத் தேவைப்படுவது நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவர் மட்டுமே. அவர் வந்தவுடன் வழக்கு வென்றுவிடும்.

பெத்தேகமவின் நீதிமன்றத்தில் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குத் தெரிந்ததோ சிங்களம் மட்டும். அதுவும் காட்டோரத்துக் கிராமத்துச் சிங்களம். இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். வார்த்தைகள் மாற்றப்படுகின்றன, என்ன நடக்கிறது என்பது மட்டும் கூண்டில் நிற்பவர்களுக்குப் புரிவதில்லை. சாட்சியிடம் கேள்வி கேட்கலாம் என்று நீதவான் சொல்கிறார். அது ஓர் உரிமை. குறுக்கு விசாரணை என்றால் என்னவென்று வாழ்நாளில் கேள்விப்படாத பாபுனுக்கு அந்த உரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. எதிர்த் தரப்புக்கோ எல்லாம் தெரியும். எந்த அதிகாரியிடம் எப்படிப் பேச வேண்டும், எதை முதலில் சொல்ல வேண்டும், எதைச் சொல்லக் கூடாது என்பதெல்லாம் ஊர்த் தலைவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கவனியுங்கள், இது இனம் பற்றிய கதை அல்ல. சிங்களவர்களின் ஊரில், சிங்களவர் இருவர், தம் சொந்த நாட்டு நீதிமன்றத்தில் ஊமைகளாக நிற்கிறார்கள். மொழி விளங்காமல் நிற்பவனின் நிலை எந்த இனத்தவனுக்கும் ஒன்றுதான் என்பதை இதைவிடத் தெளிவாக ஒரு படம் காட்டியதை நான் பார்த்ததில்லை.

படத்தில் விறுவிறுப்பு இல்லை என்ற தோழிக்கு நான் சொல்லும் பதிலும் இதுவே. களவெடுத்தது யார் என்ற கேள்வி இங்கே இல்லைதான். உண்மை தெரிந்தவன் கூண்டிலேயே நிற்கிறான். அது அவன் வாயிலிருந்து புறப்பட்டு, ஒருவர் மூலம் மொழி மாறி, நீதவானின் காதை அடையுமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு வசனத்திலும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சிந்திப் போவதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிம்மதியாக உட்கார முடியவில்லை. துப்பறியும் கதை எதுவும் எனக்கு அந்த அந்தரத்தைத் தந்ததில்லை.

இதே நிலையைத் தமிழர்களை வைத்துச் சொன்ன ஒரு படமும் உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஓட்டோ சாரதி மு. சந்திரகுமார், ஆந்திராவின் குண்டூரில் தான் பொலிஸாரிடம் பட்ட பாட்டை 'லாக்கப்' என்ற நாவலாக எழுதினார். அதை அடிப்படையாக வைத்து வெற்றிமாறன் இயக்கிய 'விசாரணை' 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டு, 2016 பெப்ரவரியில் திரைக்கு வந்தது. வேலை தேடி ஆந்திரா சென்ற தமிழ் இளைஞர்கள் செய்யாத களவை ஒப்புக்கொள்ளும்படி அடிக்கப்படுகிறார்கள். தெலுங்கு தெரியாமல் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள். தற்செயலாக அங்கே வந்திருந்த ஒரு தமிழ்நாட்டுப் பொலிஸ் அதிகாரி அவர்கள் சொல்வதை நீதிபதிக்கு மொழிபெயர்க்கிறார். உடனே விடுதலை கிடைக்கிறது. அந்தப் படத்தைப் பற்றியும் பார்வையாளர்களிடம் இரண்டு கருத்து இருந்தது. நாவலில் இல்லாத இரண்டாம் பாதி தேவையா என்று சிலரும், அடிக்கும் காட்சிகள் தாங்க முடியவில்லை என்று சிலரும் சொன்னார்கள். அடி உதை அதிகம் என்பதால் சிறுவர்களுக்கு ஏற்ற படம் அல்ல என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்த நீதிமன்றக் காட்சியை மட்டும் தனியே எடுத்து பெத்தேகமவின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு வழக்கில் சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்தது; மனிதர்கள் வெளியே வந்தார்கள். மற்றதில் போய்ச் சேரவில்லை. ஒரு குடும்பமே அழிந்தது. இரண்டிலும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நிரபராதிகள்தான். தற்செயலாக ஒரு மொழி தெரிந்த மனிதர் அங்கே இருந்தாரா இல்லையா என்பதுதான் வித்தியாசம். நீதி தற்செயலை நம்பி இருக்கலாமா?

நீதவான் நல்லவரா கெட்டவரா என்ற விவாதத்துக்கு நமது மார்க்கம் ஒரு வழி காட்டுகிறது. உம்மு ஸலமா (ரழி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழி ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு கிரந்தங்களிலும் இடம்பெற்றுள்ளது. நபி (ஸல்) அவர்கள் தாமும் ஒரு மனிதரே என்றும், தம்மிடம் வழக்குக் கொண்டு வருவோரில் ஒருவர் மற்றவரைவிட வாதத் திறமை மிக்கவராக இருக்கக்கூடும் என்றும், தாம் கேட்பதை வைத்தே தீர்ப்பளிப்பதாகவும் அதில் சொல்கிறார்கள். அப்படித் தமது தீர்ப்பினால் ஒருவருக்குச் சகோதரனின் உரிமை கிடைத்துவிட்டால், அது நெருப்பின் ஒரு துண்டு, அதை எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் எச்சரிக்கிறார்கள். நீதி வழங்குபவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் அவருக்குக் கேட்பது மட்டும்தான் அவர் கையில் இருக்கிறது என்பதை இந்த நபிமொழியிலிருந்து நான் விளங்கிக்கொள்கிறேன். பேச்சு வன்மை உள்ளவன் வெல்லக்கூடும். பேசவே மொழி இல்லாதவனின் கதி என்ன?

ஆகவே அந்த நீதவான் கெட்டவர் அல்ல என்பதே என் முடிவு. அதே நேரம் அவரை முழுமையாக விடுவிக்கவும் மனம் வரவில்லை. கூண்டில் நிற்பவருக்கு ஒன்றும் விளங்கவில்லை என்று கண்ணால் கண்ட பிறகு, வழக்கை அதே வேகத்தில் கொண்டுபோனது தவறு. சந்தேகம் வந்த இடத்தில் ஒரு கேள்வியை மெதுவாக, வேறு விதமாகக் கேட்டிருக்கலாம். வுல்ஃப் தாமே அந்த ஆசனத்தில் இருந்தவர். ஊருக்குப் போன பின்பும் இப்படி ஒரு வழக்கை எழுத அவர் உட்கார்ந்தார் என்றால், அந்த ஆசனம் அவரை உறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

ஒரு பெண் என்ற வகையில் என்னை உறுத்தியது இன்னொன்று. அந்த வழக்கு உண்டானதற்குக் காரணம் புஞ்சிமெனிகே. ஒருவன் அவள் மீது வைத்த ஆசை. ஆனால் குற்றச்சாட்டில் இருப்பதோ வீடுடைப்பும் களவும். அவளுக்கு நடந்த அநியாயத்துக்கு அந்த நீதிமன்றத்தில் ஒரு பெயர்கூட இல்லை. படத்தின் முன்பாதி மெதுவாகப் போகிறது என்பது உண்மைதான். புகழ் பெற்ற எழுத்தாளர் நீதவானாக வந்ததும் கவனம் கொஞ்சம் அவர் பக்கம் திரும்பிவிடுவதும் உண்மைதான். ஆனால் களவு வழக்கு ஒன்றின் கீழே ஒரு பெண்ணின் மானம் புதைந்து கிடப்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்னதற்காக இந்தக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இது 1913இல் எழுதிய கதை, இன்று நிலைமை மாறிவிட்டது என்று சொல்வோர் உண்டு. சட்டப் புத்தகத்தில் மாறித்தான் இருக்கிறது. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியாயிற்று. அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை நீதிமன்ற மொழி பற்றிப் பேசுகிறது. வடக்கு, கிழக்கில் தமிழும் ஏனைய பகுதிகளில் சிங்களமும் நீதிமன்ற மொழிகள். ஆனால் வழக்கின் தரப்பினர் எவரும் தமது மனுவைத் தமிழிலோ சிங்களத்திலோ சமர்ப்பிக்கலாம். நீதிமன்றத்தில் பயன்படும் மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பு வசதியை அரசே செய்து கொடுக்க வேண்டும். சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 14ஆம் உறுப்புரையும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு இலவச மொழிபெயர்ப்பாளரைப் பெறும் உரிமையைத் தருகிறது. இலங்கை அதில் இணைந்தது 1980இல், பெத்தேகம எடுக்கப்பட்ட அதே ஆண்டில்.

நீதிமன்றத்துக்கு முன்னுள்ள படி பொலிஸ் நிலையம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பேன். விசாரிக்கப்படும் மொழியிலேயே வாக்குமூலம் முழுமையாக எழுதப்பட வேண்டும். எழுதியதை அவருக்குக் காட்ட அல்லது வாசிக்க வேண்டும். எழுதப்பட்ட மொழி அவருக்கு விளங்காவிட்டால், விளங்கும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும். தான் சொன்னதை விளக்கவும் கூட்டிச் சொல்லவும் அவருக்குச் சுதந்திரம் உண்டு. சட்டம் இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

ஆனால் நடப்பது என்ன? குருவிட்டவைச் சுற்றியுள்ள தேயிலை, இறப்பர்த் தோட்டங்களிலும், மாணிக்கக் கிடங்குகளிலும், கடைத்தெருவிலும் தமிழ் பேசும் நாம் சிறுபான்மையினர். சிங்களம் நமக்குத் தெரியாது என்றில்லை. சாமான் வாங்க, பஸ்ஸில் ஏற, அயலாரோடு கதைக்க நன்றாகவே தெரியும். அந்தச் சிங்களம் வேறு, வாக்குமூலத்தின் சிங்களம் வேறு. எனக்குத் தெரிந்த தோட்டத்து அம்மா ஒருவர் சங்கிலி ஒன்று தொலைந்தது பற்றி முறைப்பாடு செய்யப் போனார். "சங்கிலியைக் காணோம், வீட்டுக்கு வந்து போன ஆள் மேலதான் சந்தேகம்" என்று சொன்னார். சிங்களத்தில் எழுதப்பட்டது. வாசித்துக் காட்டப்படவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். பிரதியைக் கொண்டு வந்து என்னிடம் தந்தபோது வாசித்துப் பார்த்தேன். 'நெதி வுணா' என்று இருந்தது. தொலைந்துவிட்டது என்று அர்த்தம். 'ஹொரகம் களா' என்று, அதாவது களவெடுத்தார்கள் என்று, எங்கும் இல்லை. வந்து போன ஆளைப் பற்றி ஒரு வரியும் இல்லை. எழுதியவர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். 'காணோம்' என்ற நம் சொல்லுக்குள் இருக்கும் சந்தேகம் அவருக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு களவு வழக்கு முடிந்துவிட்டது. பாபுனுக்குக் களவு இல்லாத இடத்தில் களவு வந்தது. இந்த அம்மாவுக்கு இருந்த களவு இல்லாமற் போனது.

இந்தப் பத்திரிகையை வாசிக்கும் மாணவியரிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் எத்தனை பேர் பத்து வயதிலிருந்தே உம்மாவுக்கும் உம்மும்மாவுக்கும் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறீர்கள்? வைத்தியசாலையில், பிரதேச செயலகத்தில், தபாற்கந்தோரில், "இந்தப் பிள்ளைக்குச் சிங்களம் தெரியும்" என்று முன்னே தள்ளப்படுபவர்கள் நாம்தான். அது பெருமைதான். குடும்பத்துக்கு உதவுவது நன்மையும்கூட. ஆனால் எல்லாவற்றையும் ஒரு பிள்ளையின் வாயால் சொல்ல முடியாது. புஞ்சிமெனிகேக்கு நடந்ததைச் சொல்ல வேண்டிய ஒரு தாய், தன் பன்னிரண்டு வயது மகள் முன்னிலையில் சொல்வாளா? சொன்னாலும் அந்த மகள் அதைத் திருப்பிச் சொல்வாளா? பாதியை விழுங்கிவிடுவாள். விழுங்கிய பாதிதான் வழக்கு. அதனால்தான் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். முடிந்தால் பெண்கள் வேண்டும்.

சிங்களத்தை நன்றாகப் படித்துவிட்டால் தீர்ந்தது என்று சிலர் சொல்லலாம். படிக்கத்தான் வேண்டும். ஒரு மொழியைக் கூடுதலாக அறிந்தவர் எவரும் கெட்டுப்போனதில்லை. பெத்தேகமவை மொழிபெயர்ப்பு இல்லாமலேயே நாங்கள் பார்க்க முடிந்ததும் படித்ததால்தான். ஆனால் படித்தவருக்கு மட்டும்தான் நீதி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. கொழுந்து பறித்துவிட்டு வரும் ஐம்பது வயதுப் பெண்ணை நாளைக் காலை நீதிமன்றச் சிங்களம் கற்றுக்கொண்டு வா என்று அனுப்ப முடியாது. மொழி தெரியாதது அவரது குற்றமும் அல்ல.

இதை வைத்துத்தான், நம்பிக்கை தராத படத்தை ஏன் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்ட வாப்பாவுக்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். கதாநாயகன் வந்து பேசி வெல்லும் படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், நமக்கும் ஒருவர் வருவார் என்ற ஆறுதல் இருக்கும். பெத்தேகமவைப் பார்த்துவிட்டு வந்தால், எவரும் வராவிட்டால் என்ன செய்வது என்ற யோசனை வரும். எனக்கு அந்த யோசனைதான் பயன்பட்டது. 110ஆம் பிரிவை நான் தேடிப் படித்தது இந்தப் படத்துக்குப் பிறகுதான். எங்கள் ஊரில் ஒரு சிறைச்சாலை இருக்கிறது. அதன் மதிலைக் கடந்து போகும்போது, உள்ளே இருப்பவர்களில் தன் வழக்கு முழுவதையும் தன் மொழியில் கேட்டவர் எத்தனை பேர் என்று இப்போது நினைக்கத் தோன்றுகிறது. பிள்ளைகளுக்கு அந்த நினைப்பு வருவதைக் கண்டு பெற்றோர் பயப்பட வேண்டியதில்லை.

செய்யக்கூடியவை எளிமையானவைதான். எழுதியதைத் தமிழில் வாசித்துச் சொல்லும்வரை எந்தக் கடதாசியிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வையுங்கள். மரியாதையாகக் கேளுங்கள், அது சலுகை அல்ல, உரிமை. மொழி உரிமை மீறப்பட்டால் முறையிடுவதற்கென்றே 1991ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கல்லூரி நூலகத்தில் வுல்ஃபின் நாவல் ஒரு பிரதியாவது இருந்தால், படத்தையும் நாவலையும் ஒப்பிட்டுப் பேச எங்களைப் போன்றவர்களுக்கு வசதியாக இருக்கும்.

கலைப் பிரிவில் படிக்கிறோம் என்றதும், "என்ன, ஆசிரியையாகப் போகிறாயா?" என்று கேட்கிறார்கள். நல்ல தொழில்தான். ஆனால் இரண்டு மொழியும் தெரிந்த நம்மைப் போன்ற பெண்பிள்ளைகளுக்குச் சட்டத்தரணியாகவும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகவும் போகலாம் என்ற யோசனையை எவரும் சொல்வதில்லை. இரத்தினபுரி நீதிமன்றத்தில் ஒரு தோட்டத்துப் பெண் கூண்டில் ஏறி நிற்கும்போது, அவள் "காணோம்" என்று சொன்னதை அதே சந்தேகத்தோடு, அதே கனத்தோடு நீதவானிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் தற்செயலாக வந்தவராக இருக்கக் கூடாது. அதற்கென்றே படித்து, அதற்கென்றே நியமனம் பெற்று, காலை ஒன்பது மணிக்குத் தன் கதிரையில் வந்து உட்கார்ந்தவராக இருக்க வேண்டும். இதை வாசிக்கும் நம்மில் ஒருத்திக்கு அந்தக் கதிரை கிடைக்கட்டும்.